நோய் தீரப் போன இடத்தில் நோய் வாங்கலாமா?

"பேரப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வயிற்றுப்போக்கு நின்றது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சளியும் காய்ச்சலும் பிடித்துக்கொண்டது!" இப்படி அங்கலாய்க்கும் பாட்டிமார்களை நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் நிறையவே காணலாம். "ஆஸ்பத்திரிக்குப் போனாலே இன்னொரு நோய் ஒட்டிக்கொள்ளும்" என்று ஒரே போடாகப் போடுபவர்களும் உண்டு. இந்தப் பயத்தினால் நெஞ்சுவலியை 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி, இரண்டு நாள் ஓமத்தண்ணீர் குடித்துப் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் அவசரப் பிரிவுக்கு ஓடும் குடும்பங்களும் இருக்கின்றன.

பாட்டி சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை என்ன சொல்கிறது தெரியுமா? வசதி படைத்த நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படும் 100 பேரில் 7 பேரும், நடுத்தர, ஏழை நாடுகளில் 100க்கு 15 பேரும், அங்கே இருக்கும்போதே குறைந்தது ஒரு தொற்றுக்கு ஆளாகிறார்களாம்.

அதற்காக ஆஸ்பத்திரியையே ஒதுக்கி வைப்பது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகத்தான் முடியும். ஆஸ்பத்திரியில் நோய் பரவுவது தலைவிதி அன்று. நோயாளி எந்த வழியாக வருகிறார், யாருடைய கை யாரைத் தொடுகிறது, காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்ற மூன்றையும் பொறுத்த காரியம் அது. வழி, கை, காற்று ஆகிய இந்த மூன்றும் சரியாக இருந்தால் தொற்று பெருமளவு அடங்கிவிடும். கட்டடம் கட்டுபவர்களுக்கும் டாக்டர்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. நோயாளியோடு போகும் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

வேப்பிலை சொன்ன பாடம்

இந்த விஷயம் நம்மவர்களுக்குப் புதிதன்று. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் நம் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? வாசலில் வேப்பிலையைச் செருகினார்கள். அதைப் பார்த்த அண்டை வீட்டார் உள்ளே வரமாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். பார்த்துக்கொள்பவர் ஒருவர்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். பக்தியினால் செய்தார்கள் என்றாலும், இன்றைய ஆஸ்பத்திரியில் 'தனிமை அறை' என்று சொல்லப்படுவதன் விதிகள் ஏறக்குறைய இவைதாம். நோயாளியைப் பிரித்து வைப்பது அவரை வெறுப்பதாகாது என்பதை வேப்பிலை நமக்கு அன்றே சொல்லிவிட்டது.

அந்த நாளில் தோட்ட ஆஸ்பத்திரி என்றால் நீண்ட வராந்தா, சில கட்டில்கள், ஒரு டிரெசர் ஐயா. எந்த லயத்தில் யாருக்கு இருமல், யார் வீட்டில் பிள்ளைக்குச் சொறி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "நீ அங்கே வெளியே உட்கார்" என்று ஒரு அதட்டல் போட்டால் போதும், இருமுகிறவர் வராந்தாவின் கடைசிக்குப் போய்விடுவார்.

இன்று காலம் மாறிவிட்டது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தோட்ட ஆஸ்பத்திரிகள் பலவும் மூடப்பட்டுவிட்டன. நம் மக்களில் பெரும்பாலோர் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால் போன்ற ஊர்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். நோய் என்றால் அரசாங்கக் கிளினிக். அதற்கு மேல் ஜாசின் அல்லது அலோர் காஜா ஆஸ்பத்திரி. இன்னும் கடுமை என்றால் 1930களில் கட்டப்பட்ட மலாக்கா பெரியாஸ்பத்திரி. அங்கே நம்மைப் பெயர் சொல்லி அழைக்கும் டிரெசர் இல்லை. இருமலோடு வந்தவரும், எட்டு மாதக் கர்ப்பிணியும், சர்க்கரை நோயால் கால் புண்ணாகிப்போன தாத்தாவும், பிறந்து பத்து நாளான குழந்தையும் ஒரே கூரையின் கீழ் வந்து சேருகிறார்கள். இவர்களை உரிய வழியில் பிரித்து அனுப்புவது கட்டடமும் ஒழுங்குமுறையும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலை சரியாக நடந்தால் என்ன பயன் என்பதை அறிய மதுரை வரை ஒரு நடை போய் வருவோம்.

மதுரையில் ஓர் அதிசய வரிசை

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் வடமலாபுரம் என்ற கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே கடுமையான மூட்டுவாதம் தாக்கி அவருடைய கைவிரல்கள் கோணிப்போயின. பேனா பிடிக்கவே சிரமப்பட்ட அந்த விரல்களைப் பழக்கி, கண் அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976ஆம் ஆண்டில் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் அவர் காலமானார். இன்று அந்த மருத்துவமனையும் அதன் கிளைகளும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கண் அறுவைகளைச் செய்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்படுகின்றன.

இவ்வளவு பேரை எப்படிச் சமாளிக்கிறார்கள்? ரகசியம் வரிசையில் இருக்கின்றது. பதிவு ஓரிடம், பார்வைச் சோதனை ஓரிடம், கண் அழுத்தம் பார்ப்பது ஓரிடம், டாக்டர் பார்ப்பது ஓரிடம். நோயாளி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு முன்னேறிப் போகிறார். வந்த வழியே திரும்பிக் கூட்டத்தில் முட்டிக்கொள்ளும் அலைச்சல் குறைவு. கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அதே வேலையைத் தினமும் செய்வதால் அவர்கள் கை தவறுவதில்லை.

அறுவை அறைக்குள் போனால் டாக்டருக்கு இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளியைத் தாதிகள் தயார் செய்துவிடுகிறார்கள். முதல் அறுவை முடிந்ததும் நுண்நோக்கிக் கருவியை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். சுத்திகரித்த கருவிகள் காத்திருக்கின்றன. டாக்டர் எதையும் தேடி ஓடுவதில்லை.

"இப்படி அவசர அவசரமாகச் செய்தால் கண்ணில் சீழ் பிடிக்காதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த மருத்துவமனையில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளின் கணக்கு 2017இல் ஓர் ஆய்வாக வெளிவந்தது. கண்ணுக்குள் கடுமையான தொற்று ஏற்பட்டவர்கள் 10,000 பேருக்கு ஏறக்குறைய 7 பேர்தாம். அறுவை முடியும்போது கண்ணுக்குள் ஒரு கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தும் வழக்கம் வந்த பின், அதுவும் 10,000க்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிகளும் பெருமைப்படக்கூடிய கணக்கு இது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கின்றது. கூட்டம் பெரிதாக இருப்பதனால் மட்டும் நோய் பரவுவதில்லை. கூட்டம் கலைந்து, குழம்பி, அங்குமிங்கும் அலையும்போதுதான் பரவுகின்றது. அறுவைக்கு முன்பே கண்ணில் சீழ் இருக்கிறதா என்று சோதித்து, இருப்பவரை வரிசையிலிருந்து பிரித்துவிடுவதும் அந்த ஒழுங்கின் ஒரு பகுதியே. அப்படிப் பிரிக்கப்பட்டவர், "என்னை மட்டும் ஏன் நிறுத்தினீர்கள்?" என்று கோபித்துக்கொண்டு வரிசைக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

வியன்னாவின் இரண்டு வார்டுகள்

வழி மட்டும் ஒழுங்காக இருந்தால் போதாது, கையும் சுத்தமாக வேண்டும். இதைக் கண்டுபிடித்த கதை வேதனையானது. ஆஸ்திரியா நாட்டின் வியன்னா நகரப் பொது ஆஸ்பத்திரியில் 1840களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றொன்றில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். படித்த டாக்டர்கள் இருந்த வார்டில்தான் பிள்ளை பெற்ற தாய்மார்கள் காய்ச்சல் கண்டு அதிகமாக மாண்டார்கள். ஊருக்கே இது தெரிந்திருந்தது. அந்த வார்டுக்கு வேண்டாம் என்று பெண்கள் காலில் விழுந்து அழுதார்களாம்.

இக்னாஸ் செம்மெல்வெய்ஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைத் தேடினார். மருத்துவ மாணவர்கள் காலையில் பிணங்களை அறுத்துப் படித்துவிட்டு, அதே கையோடு நேரே பிரசவ வார்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச்சிகளுக்கு அந்தப் பிணவறை வழி கிடையாது. 1847இல், வார்டுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். 1846இல் அந்த வார்டில் 100 தாய்மார்களுக்கு 11 பேருக்கு மேல் மாண்டிருந்தார்கள். 1848இல் அது 100க்கு ஒன்றரைக்கும் கீழே வந்துவிட்டது. புது மருந்து எதுவும் வரவில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கட்டுப்பாடும் வந்தன, அவ்வளவுதான்.

இன்று வார்டு வாசலிலும் படுக்கை ஓரத்திலும் கைக்குத் தடவும் மருந்துப் புட்டி மாட்டியிருப்பதைப் பார்க்கிறோம். எட்டும் இடத்தில் மாட்டியிருப்பதற்குக் காரணம் இருக்கின்றது. குழாய் தூரத்தில் இருந்தால், அவசர வேலையில் இருக்கும் மிஸ்ஸியும் ஒரு தடவை கழுவாமல் விட்டுவிடக்கூடும். குழாய் எங்கே இருக்கிறது என்பது கூடக் கட்டடம் போடுபவரின் கையில் உள்ள வைத்தியமே.

சிங்கப்பூர் கற்ற பாடம்

வழி தவறினால் என்ன நடக்கும் என்பதை நமக்கு மிக அருகில், சிங்கப்பூரில் பார்த்தோம். 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், ஹாங்காங் சென்று திரும்பிய ஒருவர் காய்ச்சலோடு டான் டோக் செங் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். சாதாரண நிமோனியா என்று எண்ணிப் பொது வார்டில் படுக்க வைத்தார்கள். அப்போது சார்ஸ் என்ற பெயரே யாருக்கும் தெரியாது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள், பார்க்க வந்த உறவினர்கள், பணிவிடை செய்த தாதிகள், டாக்டர்கள் என்று நோய் தொற்றிக்கொண்டே போயிற்று. வேறொரு நோய்க்குச் சிகிச்சை பெற்று ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர், பிறகு இன்னோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அங்கேயும் அது பரவியது. எல்லாம் அடங்கிக் கணக்குப் பார்த்தபோது சிங்கப்பூரில் 238 பேர் நோயுற்றிருந்தார்கள். 33 பேர் இறந்துபோனார்கள். நோயுற்றவர்களில் 100க்கு 41 பேர் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்கள்.

எப்படி நிறுத்தினார்கள்? அந்த நாளில் அந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. வழியை மாற்றித்தான் நிறுத்தினார்கள். சார்ஸ் நோயாளிகளுக்கென்று ஒரே ஆஸ்பத்திரியை ஒதுக்கினார்கள். வாசலிலேயே காய்ச்சல் பார்த்துப் பிரித்தார்கள். நோயாளிகளை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதைக் கட்டுப்படுத்தினார்கள். பார்வையாளர்களைத் தடுத்தார்கள். ஊழியர்கள் தினமும் தங்கள் உடல் சூட்டைப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். மே மாதக் கடைசியில் உலகச் சுகாதார நிறுவனம் சிங்கப்பூரை நோய் பரவும் இடங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது.

2020இல் கொரோனா வந்தபோது நம் நாட்டிலும் இதே முறைதான் கைகொடுத்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய அந்த நாட்களில், கிளினிக் வாசலில் கூடாரம் போட்டு, காய்ச்சல்காரர்களை வெளியிலேயே பார்த்தார்களே, நினைவிருக்கிறதா? தாயைப் பார்க்கப் பிள்ளையை விடவில்லை என்று மனம் நொந்தவர்கள் நம்மில் பலர். அந்த வேதனையைச் சிறிதென்று சொல்ல முடியாது. ஆனால் அன்று திறந்து விட்டிருந்தால், பார்க்கப் போன பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கக்கூடியது என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஜன்னல் என்னும் மருந்து

இனிக் காற்றைப் பற்றி. காசநோயும் தட்டம்மையும் காற்றில் மிதந்து பரவுபவை. தட்டம்மை கண்டவர் எழுந்து போன பிறகும், இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் அதன் கிருமி உயிரோடு இருக்கக்கூடும். இதற்கு எளிய வைத்தியம், கெட்ட காற்றை வெளியேற்றி நல்ல காற்றை உள்ளே விடுவது.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளில், ஜன்னல் வைத்த 70 அறைகளை ஆராய்ச்சியாளர்கள் அளந்து பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வு பலரையும் திகைக்க வைத்தது. ஜன்னல் கதவுகளைத் திறந்து விட்டால் அறைக் காற்று மணிக்கு 28 தடவை மாறியது. மூடினால் ஒரு தடவைக்குச் சற்று மேல், அவ்வளவுதான். விலை உயர்ந்த இயந்திரம் வைத்துக் காற்றோட்டம் தரும் அறைகளில் மணிக்கு 12 தடவை. இன்னும் கேளுங்கள்: 1950க்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழங்கால வார்டுகளில் காற்று மணிக்கு 40 தடவை மாறியது. புதிதாகக் கட்டிய, தாழ்ந்த கூரை அறைகளில் 17 தடவைதான். மருந்து உண்ணாத காசநோயாளிகள் இருக்கும் அறையில் ஒருவர் ஒரு நாள் முழுவதும் இருந்தால் நோய் தொற்றும் வாய்ப்பு என்ன என்றும் கணக்கிட்டார்கள். இயந்திரக் காற்று அறையில் 100க்கு 39. பழைய வார்டில் 100க்கு 11.

நம் முன்னோர் படுத்திருந்த பழைய வார்டுகளின் உயர்ந்த கூரையையும் அகன்ற வராந்தாவையும் 'வெள்ளைக்காரன் காலத்துப் பழசு' என்று நாம் இளப்பமாக நினைப்பதுண்டு. வெயில் நாட்டில் அந்தக் கட்டட அமைப்பு ஒரு வைத்தியம் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? அறுவை அறைக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும், கடும் தொற்று நோயாளிகளை வைக்கும் சிறப்பு அறைக்கும் இயந்திரக் காற்றோட்டம் தேவைதான். ஆனால் கூட்டம் காத்திருக்கும் இடத்தில் குளிர்சாதனத்தைப் போட்டு, ஜன்னலை இறுக்கி மூடிவிட்டால், ஒருவரின் இருமல் அத்தனை பேருக்கும் பங்கு போடப்படும். குளுகுளுவென்று இருக்கும் அறையை விட, விசிறி சுற்றும் திறந்த வராந்தாவே இருமல்காரருக்கு ஏற்ற இடம்.

படுக்கையே வேண்டாத நோயாளி

காசநோய் என்றதும் நம்மவர்களுக்கு இரண்டு எண்ணங்கள் வருகின்றன. ஒன்று, மறைக்க வேண்டும். மற்றொன்று, அந்த ஆளை எங்காவது கொண்டு போய் அடைத்துவிட வேண்டும். இரண்டுமே தவறு என்று காட்டியது நம் தமிழ்நாட்டுத் தலைநகர்தான்.

1956இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்நாளில் காசநோயாளி என்றால் ஸானடோரியம் போக வேண்டும். மாதக்கணக்கில் படுக்க வேண்டும். முட்டையும் பாலும் உண்ண வேண்டும். அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது? ஏழை நோயாளிகள் 193 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஏறக்குறைய பாதிப் பேரை ஸானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீடுகளிலேயே வைத்து, அதே மருந்துகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் பார்த்தால் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். வீட்டில் உடனிருந்த பிள்ளைகுட்டிகளுக்கு நோய் தொற்றியதும், ஸானடோரியம் போனவர்களின் வீடுகளை விட அதிகமாக இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலக நாடுகளின் காசநோய் வைத்திய முறையையே மாற்றியது.

சரியான மருந்தை விடாமல் சாப்பிட்டால் சில வாரங்களில் நோயாளியிடமிருந்து நோய் பரவும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும் என்பதே இதன் சூட்சுமம். உண்மையான ஆபத்து, இன்னும் கண்டுபிடிக்கப்படாத இருமலில்தான் இருக்கின்றது. மலேசியாவில் 2023இல் மட்டும் 26,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் காசநோய் கண்டறியப்பட்டது. ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலை மறைக்காதீர்கள். மருந்து தொடங்கியவரை வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். ஆறு மாத மருந்தை, உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாம் மாதத்தில் நிறுத்த விடாதீர்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை, அது இல்லாமல் பிழைக்க முடியாதவருக்குக் கிடைக்க வேண்டும்.

நம் கையில் இருப்பவை

கிளினிக்கில் பதியும்போதே இருமல், காய்ச்சல், உடம்பில் கொப்புளம் இருந்தால் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். முகக்கவசம் கொடுத்துத் தனியே உட்காரச் சொன்னால் அவமானமாக நினைக்க வேண்டாம். அது வாசலில் செருகிய வேப்பிலை போன்றது.

அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள் உண்டு. உயிருக்குப் போராடுபவருக்குச் சிவப்பு; அடுத்த நிலைக்கு மஞ்சள்; காத்திருக்கக்கூடியவருக்குப் பச்சை. "நான்தானே முதலில் வந்தேன்?" என்று சண்டை போட்டுப் பயனில்லை. பந்திக்கு முந்தலாம், சிவப்பு மண்டலத்துக்கு முந்த யாரும் ஆசைப்படக் கூடாது. சாதாரணச் சளிக்கும் தலைவலிக்கும் அவசரப் பிரிவுக்குப் போகாமல் கிளினிக்குக்குப் போனால், அந்த நெரிசலில் நாமும் சிக்கமாட்டோம்.

நோயாளியைப் பார்க்கப் போவது நம் பண்பாடு. ஒருவர் படுத்துவிட்டார் என்றால் தோட்டமே வேன் பிடித்துக் கிளம்பும். அந்தப் பாசம் வாழ்க! ஆனால் பதினைந்து பேர் ஒரு கட்டிலைச் சூழ்ந்துகொண்டால், பதினைந்து வீட்டுக் கிருமியும் அங்கே வருகின்றன. வார்டுக் கிருமி பதினைந்து வீட்டுக்கும் போகின்றது. இருவர் இருவராகப் போங்கள். சளி பிடித்திருப்பவர் தொலைபேசியில் பேசட்டும். கைக்குழந்தைகளை வார்டுக்குக் கொண்டு போகாதீர்கள். கட்டில் மேல் உட்காராதீர்கள். பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது என்று அதில் சாப்பாட்டுக் கேரியரை வைக்காதீர்கள். ஒரு நோயாளியின் புண்கட்டைத் தொட்ட கையோடு இன்னொருவருக்குக் கஞ்சி ஊட்டாதீர்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள். "மிஸ்ஸி, கை சுத்தம் செய்துவிட்டீர்களா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல தாதி கோபித்துக்கொள்ள மாட்டார்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. தொழிலாளரோ அவர் குடும்பத்தாரோ நோயுற்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு உண்டு. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் இதைச் சொல்கின்றது. அந்தச் சட்டத்தைச் சொல்லி வண்டி கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தோட்டத்தில் கிளினிக் இருந்தால் ஒரு நாள் போய்ப் பாருங்கள். ஜன்னல் திறக்கிறதா, அல்லது அலமாரி வைத்து அடைத்திருக்கிறதா? காத்திருப்பவர்களுக்கு வெளியே நிழலில் பெஞ்சு இருக்கிறதா? குழாயில் தண்ணீரும் பக்கத்தில் சோப்பும் இருக்கின்றனவா? இல்லையென்றால் தொழிற்சங்கக் கிளைத் தலைவர் வழியாக நிர்வாகத்திடம் கேளுங்கள். ஒரு பெஞ்சும் ஒரு குழாயும் பெரிய செலவு அன்று. ஆயாக் கொட்டகைக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம். அங்கே இருப்பவை நம் பிஞ்சுகள் அல்லவா?

டாக்டருடைய அறிவும் மருந்தின் சக்தியும் நம் வசத்தில் இல்லை. எந்த வழியில் நடக்கிறோம், எந்தக் கையால் தொடுகிறோம், எந்தக் காற்றில் உட்காருகிறோம் என்பவை பெரும்பாலும் நம் வசத்தில் இருக்கின்றன. ஆகவே அடுத்த தடவை பெரியாஸ்பத்திரிக்கு வேன் ஏறுவதற்கு முன், யார் யார் போக வேண்டும், யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் கூடிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பாட்டி வீட்டில் இருக்கட்டும். பேரனின் படுக்கைக்கு அம்மா ஒருவர் போதும்.